பூட்டின வீட்டில் தண்ணீர் ஓடுகிறது

ஜூன் 3

அக்கா,

பல் டாக்டர்கிட்ட காத்திருந்தப்ப உன் பத்தியைப் படிச்சேன். அட்டை கிழிஞ்ச பழைய இதழ். "ஒரே ஒரு வாரம் பொய் சொல்லாமல் இருந்து பாருங்கள். எழுத விஷயம் உங்களைத் தேடி வரும். தினமும் பத்து வரி எழுதுங்கள்"னு போட்டிருந்தே. பக்கத்துல உன் போட்டோ, கன்னத்துல கை வெச்சுக்கிட்டு. பல் வலி எனக்கா உனக்கான்னு சந்தேகம் வந்துடுச்சு.

சரி, அக்கா பேச்சை என்னைக்குக் கேட்டிருக்கோம், இதையாவது கேட்போம்னு இருந்து பார்த்தேன். விஷயம் தேடி வந்துடுச்சு. இப்ப அது என்னை விட மாட்டேங்குது.

போன் பண்ணாம ஏன் எழுதுறேன்னு கேட்பே. போன்ல உன் குரலைக் கேட்டா என் வாய் தானா எதையாவது சொல்லி மழுப்பிடும். மூணு வருஷமா நீ கூப்பிட்டா எடுக்காம இருக்கிறதுக்கும் அதான் காரணம், கோபமெல்லாம் இல்லை. அம்மா விஷயத்துல உன்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லாம உன் முன்னால வந்து உட்கார எனக்கு முகம் இல்லை. இன்னைக்கும் சொல்ல மாட்டேன், தைரியம் வரல. முதல்ல இந்த வீட்டுக் கதையைக் கேளு.

என் வேலை உனக்குத் தெரியும். வீடு வீடாப் போய் தண்ணி மீட்டரைப் பார்த்து நோட்டுல எண்ணை எழுதணும், பக்கத்துல குறிப்புன்னு ஒரு கட்டம், அதுலயும் ஏதாவது எழுதணும். வீடு பூட்டியிருந்தா "பூட்டிய வீடு, ஆள் இல்லை"ன்னு எழுதணும். அப்படி எழுதினா ஒரு படிவம் நிரப்பணும், மூணு தடவை திரும்பப் போகணும், சூப்பர்வைசர் மூஞ்சியில முழிக்கணும். அதனால எங்க ஆபீஸ்ல யாருமே அப்படி எழுதறதில்லை. டீக்கடையில உட்கார்ந்து குத்துமதிப்பா ஒரு எண்ணைப் போட்டுட்டுப் போயிடுவோம்.

பதினேழாம் நம்பர் வீட்டுக்கு அப்படித்தான் மூணு வருஷம் எழுதினேன். அங்கே இருந்தவங்க காலி பண்ணின அன்னைக்கு மீட்டர் 1206. நான் நேர்ல பார்த்தது அதான் கடைசி. அப்புறம் மாசம் பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு என் இஷ்டத்துக்குக் கூட்டிக்கிட்டே வந்தேன். ஒரு மே மாசம் பதினெட்டு போட்டேன், "விருந்தாளிகள் வந்திருந்தனர்"னு குறிப்பு வேற. ஓனர் எங்கேயோ வெளியூர். ஒரு புகார் வந்ததில்லை.

உன் பத்தியைப் படிச்ச மறுநாள், உண்மையா இருக்கணும்னு முடிவு பண்ணி, நேர்ல போனேன். கேட்ல துருப் பிடிச்ச பூட்டு. சுவர் ஏறிக் குதிச்சேன், இந்த வயசுல. குழி மூடியைத் தூக்கிப் பார்த்தா மீட்டர் 1614.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் போன மாசம் டீக்கடையில உட்கார்ந்து எழுதின எண் 1614.

ஒரு யூனிட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை அக்கா. முப்பத்தாறு மாசப் பொய்யும் அந்தக் குழிக்குள்ள உண்மையா உட்கார்ந்திருக்கு. சிவப்பு முள் சுத்திக்கிட்டே இருந்துச்சு. உள்ளே யாரோ குழாயைத் திறந்து வெச்சிருக்காங்க. பட்டப்பகல் பன்னெண்டு மணி.

நீ படிச்சவ. என்னன்னு சொல்லு.

உன்,
சுண்டு

---

ஜூன் 9

அடேய் சுண்டு,

மூணு வருஷம் கழிச்சு ஒரு கடிதம், அதுவும் பேய்க் கதை. நல்லா இரு.

முதல்ல திட்டிக்கிறேன். நான் எத்தனை தடவை போன் பண்ணியிருப்பேன்! அம்மா போனதுக்கப்புறம் எனக்குன்னு யார்டா இருக்கா? "முகம் இல்லை"யாம். உன் முகத்துக்கு என்ன குறைச்சல்? சொல்ல வேண்டியது எதுவா இருந்தாலும் சொல்லித் தொலை. அம்மா வளையலை வித்துட்டியா? அம்மா இருந்த வீட்டைக் காலி பண்ணினப்ப என் புத்தகங்களை எடைக்குப் போட்டுட்டியா? மன்னிச்சாச்சு, போ.

இப்ப உன் மீட்டர். ஓனர் வந்துட்டுப் போயிட்டு இருப்பார், இல்லைன்னா குழாய் ஒழுகும். எண் பொருந்தினது தற்செயல். நாள் முழுக்க அச்சகத்துல பிழை திருத்துறவ நான், தற்செயலை எத்தனையோ பார்த்திருக்கேன்.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? உன் கடிதத்தைப் படிச்ச அன்னைக்குத்தான், ரெண்டு மாசத்துல முதல் தடவையா, எனக்கு எழுதக் கை அரிச்சது. பத்தி எழுதறதுக்கு விஷயமே இல்லாம ஊருக்கு உபதேசம் பண்ணிக்கிட்டிருக்கேன்டா. தினமும் காலையில மேசையில உட்கார்ந்து, அதுக்கு மேல ஒட்டி வெச்சிருக்கிற அம்மா வார்த்தையைப் பார்ப்பேன். "அவளை எழுதச் சொல்லு, நிறுத்த வேண்டாம்னு சொல்லு." கடைசி மூச்சுல அம்மா சொன்னதா நீதானே போன்ல சொன்னே. நான் ரயிலைத் தவறவிட்டு, வந்து சேர முடியாமத் துடிச்சுக்கிட்டிருந்தப்ப, அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பிடிச்சு நிறுத்தினது. அது இல்லைன்னா நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன்.

அதனால ஒரு சோதனை பண்ணு. நோட்டுல வேணும்னே ஒரு பொய் எழுது. ஒன்பது யூனிட் கூட்டிப் போடு. "ஜன்னல் திறந்திருக்கிறது"ன்னு குறிப்பு எழுது. அப்புறம் போய்ப் பாரு. ஒண்ணும் நடக்காது, உன் பயமும் போயிடும், எனக்கு ஒரு பத்தி கிடைக்கும்.

அக்கா

பி.கு.: நேர்மையைப் பத்தி எழுதுறவ பொய் எழுதச் சொல்றாளேன்னு சிரிக்காதே.

---

ஜூன் 20

அக்கா,

சிரிப்பா? எனக்கு சோறு இறங்கலை.

நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். நோட்டுல மறுபார்வைன்னு ஒரு பக்கம் உண்டு. டீக்கடையில உட்கார்ந்து அதுல எழுதினேன்: "1623. ஜன்னல் திறந்திருக்கிறது." டீயைக் குடிச்சு முடிச்சுட்டுப் போனேன். கால் மணி நேரம் இருக்கும்.

மீட்டர் 1623. கால் மணி நேரத்துல ஒன்பது யூனிட் ஓடணும்னா அந்தக் குழாயே வெடிச்சிருக்கணும். ஓடியிருக்கு. தெருப்பக்க ஜன்னல் திறந்திருந்துச்சு.

நான் அப்பவே ஓடிப் போயிருக்கலாம். போகல. மடத்தனமா ஜன்னல் கிட்டே போய் நின்னேன். உள்ளே இருட்டு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கை மட்டும் தெரிஞ்சது, வயசான கை, நரம்பு எழும்பின கை. பேச்சு வந்துச்சு.

"மீட்டர்காரரா? எங்கே ரொம்ப நாளா ஆளையே காணோம்?"

நான் ஒரு அடி பின்னால வெச்சேன்.

"என் பொண்ணு வெளியூர்ல இருக்கா. வர்றேன்னு சொன்னா. வழியில எங்கேயாவது பார்த்தீங்களா?"

நான் எடுத்தேன் பாரு ஓட்டம்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். மூணு வருஷத்துக்கு முன்னால, அந்த வீட்டுக்கு நான் எழுதின முதல் பொய்க் குறிப்பு: "வயதான பெண்மணி, தனியாக. வெளியூர் மகளுக்காகக் காத்திருக்கிறார்." என் கையெழுத்துதான். தேதியைப் பார்த்தேன். அம்மா போய் எட்டாவது நாள். அன்னைக்கு எனக்கு வேற யாரை எழுதத் தோணும், சொல்லு.

அக்கா, நான் என்ன நினைக்கிறேன்னா, அந்தப் பொம்பளையை அங்கே கொண்டாந்து அடைச்சு வெச்சது நான்தான். எழுதினது தப்பு எண்ணா இருந்தா அடிச்சுத் திருத்திடலாம். இது ஒரு ஆளு. மூணு வருஷமா காத்திருக்கு.

உன்கிட்ட சொன்ன பொய்யும் ஒண்ணு இருக்கு. வளையலும் இல்லை, புத்தகமும் இல்லை. நீ அது மேலதான் நின்னுக்கிட்டிருக்கே, அதான் உருவ பயமா இருக்கு.

சுண்டு

---

ஜூன் 24

சுண்டு,

அவசரமா எழுதுறேன். முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். உன் கதையை இந்த வாரப் பத்தியில எழுதிட்டேன். உன் பேரு, ஊரு எதுவும் போடல. அந்தம்மா, அந்தக் கை, காத்திருக்கிறது எல்லாம் இருக்கு. கடைசியில "நாம் எழுதுவது எங்கோ உயிரோடு இருக்கிறது, ஆகையால் நல்லதை எழுதுவோம்"னு ஒரு வரி. ஆசிரியர் போன் பண்ணிப் பாராட்டினார். படிக்கிறவங்க உருகிட்டாங்களாம். அடுத்த வாரம் தொடர்ச்சி வேணுமாம்.

அதனால இன்னொரு தடவை போ. பயப்படாதே, பகல்ல போ. பொண்ணைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேளு. பொண்ணு என்ன வேலை பண்றாளாம்? ஏன் வரலையாம்? எல்லாத்தையும் ஒரு வரி விடாம எழுதி அனுப்பு.

அந்த இன்னொரு பொய் எதுன்னு நான் கேட்கல. ராத்திரியெல்லாம் யோசிச்சேன், கேட்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

இல்லை. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்கறேன். அது என் மேசைக்கு மேல ஒட்டியிருக்கிறது இல்லையே? இல்லைன்னு ஒரு வரி எழுது போதும்.

அக்கா

---

ஜூலை 1

அக்கா,

அதுதான்.

எழுதிட்டேன். எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ.

அம்மா போன அன்னைக்குக் காலையில நான் ஆஸ்பத்திரியில இல்லை. முந்தின நாள் முழுக்க அம்மா பக்கத்துல உட்கார்ந்து எனக்கு மூச்சு முட்டிடுச்சு. "ஒரு எட்டு வெளியில போயிட்டு வந்துடறேம்மா"ன்னு சொல்லிட்டு நேரா தியேட்டருக்குப் போனேன். காமெடிப் படம். திரும்பி வந்தா கட்டில்ல போர்வையை இழுத்து மூடியிருந்தாங்க. பதினொண்ணு பத்துக்கு உயிர் போச்சுன்னு நர்ஸ் சொன்னாங்க. அவங்களும் அப்போ அடுத்த வார்டுல இருந்தாங்களாம். கிட்ட யாருமே இல்லை. பதினொண்ணு பத்துக்கு நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன் அக்கா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன்.

அப்பதான் நீ போன் பண்ணினே. அம்மா போயிட்டாங்கன்னு சொன்னேன். "என்னைக் கேட்டாங்களா, ஏதாவது சொன்னாங்களா"ன்னு கதறினே. எனக்கு அது காலிக் கட்டம் மாதிரி இருந்துச்சு. காலிக் கட்டத்தைப் பார்த்தா நிரப்பிடுவேன், பதினாலு வருஷத் தொழில் புத்தி. யோசிக்கக்கூட இல்லை. வாய் தானா சொல்லிடுச்சு. நீ உடனே அழுகையை நிறுத்தினே. அடடா, நல்ல காரியம் பண்ணினோம்னு கூட நினைச்சேன்.

இன்னும் இருக்கு. நேத்து நீ சொன்னேன்னு அந்த வீட்டுக்குப் போனேன். ஜன்னல் திறந்தே இருந்துச்சு. நான் ஒண்ணும் கேட்கல. கம்பியில அதே கை. அவங்களாவே சொன்னாங்க: "என் பொண்ணைப் பார்த்தா, அவளை எழுதச் சொல்லுங்க. நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க."

அதை நான் எந்த நோட்டுலயும் எழுதினதில்லை. எந்தக் குறிப்புலயும் இல்லை. உன்கிட்ட போன்ல சொன்னது மட்டும்தான். அதுவும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கு.

வெள்ளிக்கிழமை அந்தத் தெருவுக்கு அளவு எடுக்கிற நாள். "பூட்டிய வீடு, ஆள் இல்லை"ன்னு எழுதிடப் போறேன். படிவம் நிரப்பறேன், மூணு தடவை அலையறேன், என்ன வேணா ஆகட்டும்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கல. கேட்கவும் வாய் வரல.

சுண்டு

---

ஜூலை 4

உன்னை என்ன சொல்லித் திட்டறதுன்னு தெரியல. பாவி. படுபாவி. மூணு வருஷமா தினமும் காலையில உன் பொய் முன்னாடி உட்கார்ந்து கை கூப்பியிருக்கேன்டா! அதை வெச்சு ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் உண்மையா இருங்கன்னு எழுதியிருக்கேன். காகிதத்தைக் கிழிச்சுப் போட்டேன். பசை மட்டும் சுவர்ல நிக்குது, சுரண்டச் சுரண்டப் போகல.

மத்தியானம் வரைக்கும் அழுதேன். அப்புறம் அழுகை நின்னுபோச்சு. ஏன்னு யோசிச்சேன். சொல்லிடறேன், சொல்லாம இருந்தா வெடிச்சுடும்.

நான் ரயிலைத் தவறவிடலடா.

நீ திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணினே, அம்மாவுக்கு ரொம்ப முடியல, கிளம்பி வான்னு. அன்னைக்கே ரயில் இருந்துச்சு. என் கையில பாதி எழுதின கதை. மறுநாள் போட்டிக்குக் கடைசித் தேதி. ஒரு நாள்தானே, அம்மாவுக்கு எத்தனை தடவை முடியாமப் போயிருக்கு, தாங்குவாங்கன்னு உட்கார்ந்து எழுதினேன். செவ்வாய்க்கிழமை பதினொண்ணு பத்துக்கு நான் மூணாவது பக்கத்துல இருந்தேன். நல்லா வந்துக்கிட்டிருந்தது. சந்தோஷமா இருந்தேன்.

அதனாலதான் உன் வார்த்தையை அப்படிப் பிடிச்சுக்கிட்டேன். அம்மாவே "எழுது"ன்னு சொல்லிட்டாங்கன்னா நான் வராதது தப்பில்லையே. அம்மா அப்படிப் பேசற ஆளான்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கலாம். யோசிக்கவே இல்லை. எனக்கு அது தேவைப்பட்டுது.

இப்ப ஒண்ணு கேட்கறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கறேன். அந்தக் குறிப்பை எழுதாதே. பொய்யோ பேயோ, அங்கே ஒரு அம்மா பொண்ணு வருவான்னு உட்கார்ந்திருக்கு. அந்தப் பொண்ணு இந்தத் தடவையாவது போகணும். ஞாயித்துக்கிழமை பன்னெண்டாம் தேதி வர்றேன். ஒரே ஒரு தடவை அந்த ஜன்னல் கிட்டே நின்னு, அந்த வார்த்தையைக் காதால கேட்டுட்டுப் போயிடறேன். அதுக்கப்புறம் நீ எதை வேணா எழுதிக்கோ.

எழுதிடாதேடா. கெஞ்சிக் கேட்கறேன்.

அக்கா

---

ஜூலை 7

அக்கா,

உன் கடிதம் இன்னைக்குத்தான் வந்தது. நான் வெள்ளிக்கிழமையே எழுதிட்டேன்.

நடந்ததை அப்படியே சொல்றேன், பூசி மெழுகல. மத்தியானம் போனேன். முள் வேகமா சுத்திக்கிட்டிருந்தது, குளிக்கிற சத்தம் மாதிரி உள்ளே கேட்டது. நான் நோட்டை விரிச்சதும் கம்பியில கை வந்துச்சு.

"என்ன எழுதப் போறீங்க?"

"உள்ளதை எழுதப் போறேம்மா."

"என்ன உள்ளது?"

"வீடு பூட்டியிருக்கு. ஆள் இல்லை."

கை அப்படியே இருந்துச்சு. நான் நிமிர்ந்து பார்க்கல.

"அப்ப என் பொண்ணு?"

"அவ எங்க அம்மா பொண்ணும்மா. எங்க அம்மா போயிட்டாங்க. என்ன சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது."

திட்டுவாங்கன்னு நினைச்சேன். அழுவாங்கன்னு நினைச்சேன். "சரி, எழுதுங்க. குழாயைச் சாத்திட்டு வந்துடறேன்"னு சொன்னாங்க, அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்னு சொல்ற மாதிரி. கை உள்ளே போச்சு. முள் மெதுவாச்சு, நின்னுடுச்சு. எண் 1640. நான் காத்திருந்தேன். வந்துடறேன்னு சொன்னாங்களே, வரட்டும், முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிட்டு எழுதலாம்னு ஒரு மணி நேரம் வெயில்ல நின்னேன். வரல. அதுக்கப்புறம்தான் எழுதினேன். எழுதி நிமிர்ந்தா ஜன்னல் சாத்தியிருக்கு. கம்பியில ஒட்டடை, மூணு வருஷத்து ஒட்டடை.

ரெண்டாவது தடவையும் ஒரு அம்மாவைத் தனியா விட்டுட்டு வந்துட்டேன். ஆனா இந்தத் தடவை பக்கத்துல நின்னேன் அக்கா. அது மட்டும் நிஜம்.

நீ வந்தா இங்கே ஒண்ணும் இல்லை. டிக்கெட்டை ரத்து பண்ணிடு.

சுண்டு

---

ஜூலை 13, திங்கள்

சுண்டு,

ரத்து பண்ணல. நேத்து வந்தேன். உன்கிட்ட சொல்லாம அந்த வீட்டுக்குப் போனேன், சுவர் ஏறினேன், முட்டியில சிராய்ப்பு. ஜன்னலைத் தட்டினேன். "அம்மா, வந்துட்டேன்"னு சத்தமாவே சொன்னேன். எதிர்க் கடைத் தையல்காரர் வெளியில வந்து, "யாரும்மா வேணும்? அங்கே வருஷக்கணக்கா ஆளே இல்லையே"ன்னார். சுவர் ஏறி வந்து குழி மூடியைத் தூக்கச் சொல்லி அவரையே கூப்பிட்டேன். முள் நிக்குது. எண் 1640. அது மட்டும் பழைய 1206க்குத் திரும்பிப் போகல. அத்தனை தண்ணியும் எங்கே போச்சு, யார் குடிச்சா, எனக்குத் தெரியல. முன்னாடின்னா இதுக்கு அழகா ஒரு வரி வெச்சிருப்பேன்.

போன வாரமே நம்ம ரெண்டு பேர் கதையையும் உள்ளபடி எழுதி அனுப்பிட்டேன். தியேட்டர், மூணாவது பக்கம் எல்லாம். ஆசிரியர் திருப்பி அனுப்பிட்டார். படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை தர்ற மாதிரி ஏதாவது குடுங்க, இல்லைன்னா பத்தியை வேற ஒருத்தர் எழுதட்டும்னார். வேற ஒருத்தரே எழுதட்டும்னுட்டேன். பத்தி போச்சு. பிழை திருத்துற வேலை இருக்கு, சோத்துக்குக் குறைவில்லை.

நேத்து ராத்திரி லாட்ஜ் அறையில உட்கார்ந்தேன். எழுதுன்னு சொல்ல யாருமில்லை, அம்மா இல்லை, நீ இல்லை, உன் பொய்யும் இல்லை. அந்த அறையில வந்த மாதிரி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லைடா. இருந்தும் முப்பது வரி வந்தது. அம்மாவோட கடைசிக் காலையைத்தான் எழுதினேன். பக்கத்துல யாருமே இல்லாத கட்டிலை.

இப்ப உன் ஆபீஸுக்கு எதிர்ல, நீ பொய் எழுதற டீக்கடையில இருக்கேன். இதை உன் கையிலயே குடுத்துடலாம்னு நினைப்பு. மணி அஞ்சரை. நீ படியில இறங்கி வர்றே. முடியெல்லாம் வெளுத்துப் போச்சேடா உனக்கு, எனக்குத் தெரியவே தெரியாதே. உன்னை மன்னிச்சேனா, நீ என்னை மன்னிப்பியா, ஒண்ணும் தெரியல. என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னும் தெரியல, அதான் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்கேன். நீ தெரு முனைக்குப் போயிட்டே, இன்னும் ரெண்டு வரி எழுதினா முனை திரும்பி மறைஞ்சுடுவே.

எழுதினது போதும். எழுந்து வர்றேன், நில்லு.